இலவசம் என்ற பெயரில்

2015 டிசம்பர் கடைசியில் நாட்டின் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவு தாருங்கள் என்று கேட்டது ஃபேஸ்புக். தன் தளத்துக்குள் வந்தவர்களிடமும் அதையே கேட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போகவேண்டிய கடிதம் அங்கே தயாராக எழுதப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், நம் பெயரில் போய்விடும். உங்கள் நண்பர் அனுப்பிவிட்டார் என்று நமக்குத் தகவலும் வரும்.

டிராய் கேட்டிருந்தது வேறு. ஒவ்வொரு இணையச் சேவைக்கும் ஒவ்வொரு கட்டணம் வைக்கத் தொலைபேசி நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பதை ஒட்டி நான்கு கேள்விகள். லட்சக்கணக்கில் வந்து குவிந்த அந்தக் கடிதங்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. பொதுக் கலந்தாய்வை ஆள்சேர்த்து நடத்தும் வாக்கெடுப்பாக மாற்றுகிறீர்கள் என்று டிராய் ஃபேஸ்புக்குக்குக் கண்டனக் கடிதம் எழுதியது. மக்கள் குரலை நகலெடுத்துப் பெருக்கிக் காட்டி ஓர் அரசு அமைப்பை மிரட்ட முடியும் என்று ஒரு நிறுவனம் நம்பியது. அந்தத் திட்டத்தைவிட எனக்கு இன்றும் ஆத்திரம் தருவது இதுதான்.

திட்டம் 2015 பிப்ரவரியில் 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற பெயரில் இங்கே வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்தவர்களுக்கு, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில், குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் டேட்டா செலவில்லாமல் கிடைக்கும். ஃபேஸ்புக் அதில் உண்டு, கூகுள் தேடல் இல்லை. பட்டியலில் இடம்பெற விரும்பும் தளம் ஃபேஸ்புக்கிடம் விண்ணப்பிக்க வேண்டும், அது வகுத்த விதிகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். போக்குவரத்து முழுவதும் ஃபேஸ்புக்கின் சர்வர்கள் வழியாகவே நடக்கும். மதுரையில் ஒருவர் விவசாயிகளுக்காக ஒரு தளம் தொடங்கினால், அதை ஏழை விவசாயி பார்க்கலாமா என்பதைக் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் முடிவுசெய்யும். மிக்ஸி எந்தக் கம்பெனி என்று பார்த்து மின்வாரியம் யூனிட்டுக்கு விலை வைத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இது.

ஏழைகளுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்ற வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். அன்று இந்தியர்களில் பெரும்பாலோருக்கு இணையம் கிடையாது, டேட்டா விலையும் அதிகம். ஆனால் ஏழைக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால் மாதம் இவ்வளவு டேட்டா இலவசம், விரும்பிய தளத்தைப் பாருங்கள் என்று கொடுத்திருக்கலாமே! தளங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை மட்டும் விட அவர்களுக்கு மனமில்லை.

இதை மக்களுக்குப் புரியவைத்தவர்கள் சில பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும். 2015 மார்ச்சில் டிராய் வெளியிட்ட 118 பக்கக் கலந்தாய்வு அறிக்கையைச் சுருக்கி, எளிய மொழியில் விளக்கி, 'சேவ் தி இன்டர்நெட்' என்ற பெயரில் பரப்பினார்கள். நகைச்சுவைக் குழுவான ஏஐபி அதற்கு ஒரு காணொளி எடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. இதே மாதிரி ஏற்பாடாக இருந்த 'ஏர்டெல் ஜீரோ'விலிருந்து ஃபிளிப்கார்ட் விலகிக்கொண்டது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்புச் சொன்னது: உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். சில நாட்களில் ஃபேஸ்புக் இந்தியாவில் திட்டத்தை மூடியது. அதன் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பால்தான் இந்தியா பொருளாதாரத்தில் சீரழிந்தது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அந்தத் தடையால் ஏழைகளுக்கு இணையமே கிடைக்காமல் போய்விடும் என்றார்கள். ஏழே மாதத்தில், 2016 செப்டம்பரில், ஜியோ வந்தது. தளங்களைப் பிரித்துப் பார்க்காமல் டேட்டாவைக் கொட்டிக் கொடுத்தது. விலை சரிந்தது. கோடிக்கணக்கானோர் முழு இணையத்துக்குள் நேராக நுழைந்தார்கள்.

மியான்மரில் அப்படி ஒரு தடை இல்லை. 2016-இல் அங்கே ஃப்ரீ பேசிக்ஸ் வந்து அடுத்த ஆண்டே போய்விட்டது. ஆனால் மலிவு சிம்மும் ஸ்மார்ட்ஃபோனும் பரவியபோதே பெரும்பாலோருக்கு ஃபேஸ்புக்தான் இணையம் என்று ஆகியிருந்தது. ரோஹிங்கியாக்கள் மீதான வெறுப்புப் பேச்சு பரவியதில் அந்தத் தளத்துக்கு இருந்த பங்கை ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018-இல் கடுமையாகவே எழுதியது.

நாம் தப்பித்தோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கட்டணத்தின் வழியாக நுழைய முடியாதவர்கள் பங்குகளின் வழியாக வந்தார்கள். 2020 ஏப்ரலில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்குகளை 43,574 கோடி ரூபாய்க்கு ஃபேஸ்புக் வாங்கியது. அதே ஆண்டு கூகுளும் 33,737 கோடி போட்டது. 2021-இல், ஃபேஸ்புக்குக்கே சொந்தமான வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியது. ஒத்துக்கொள், இல்லையென்றால் வெளியேறு என்பதுதான் அதன் பொருள். எங்கே வெளியேறுவது? வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் துணிக்கடைக்காரர் தனியாக வேறு செயலிக்குப் போய் யாரிடம் ஆர்டர் எடுப்பார்?

அந்தக் கட்டாயத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு விதித்த அபராதம் 213.14 கோடி ரூபாய். அந்த ஆண்டு மெட்டாவின் வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். கணக்குப் போட்டால், இந்த அபராதம் அவர்களுக்கு ஒன்றரை மணி நேரச் சம்பாத்தியம்கூட இல்லை.

அபராதம் போடுவதால் இவர்கள் அடங்கப்போவதில்லை. வெளியேறும் வழியைச் சட்டமே திறந்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் அதைத்தான் செய்கிறது. வேறு செயலியில் இருப்பவர்களோடும் செய்தி பரிமாற வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்கிறது. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குக் கடிதம் போவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பான கோரிக்கை இது. இந்தியாவிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. இன்னும் சட்டமாகவில்லை. பெருநிறுவனங்களின் எதிர்ப்பு அரசின் காதுக்குத் தவறாமல் போய்ச் சேர்கிறது. 2015-இல் 118 பக்கங்களைப் பிரித்து மக்களுக்கு விளக்கியது போல இந்த வரைவையும் யாராவது பிரித்து விளக்க வேண்டும். அதைத் தமிழிலும் செய்ய வேண்டும், துணிக்கடைக்காரரின் கடைக்கே கொண்டுபோக வேண்டும்.