கிரிக்–ஜெலி மலைச்சாலை: உங்கள் மோட்டார் டேங்க் தாங்குமா?

கிள்ளானிலிருந்து கோத்தா பாருவுக்கு மோட்டாரில் கிளம்புறீங்களா? வழியில் கிரிக்–ஜெலி இடையே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை சுமார் 120 கிலோமீட்டர். பெரும்பாலும் மலை, காடு. யானைகள் கடக்கும் பாதை. அங்கே எண்ணெய் தீர்ந்தால் சிக்கல்தான்.

முதலில் கணக்குப் போடுங்க. 4 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் 160 கிலோமீட்டர் ஓடும். ஏற்றம், பின்னால் ஆள், மூட்டை முடிச்சு என்று சேர்ந்தால் அது குறையும். அதனால் கிரிக்கில் டேங்க்கை நிரப்பாமல் நகராதீங்க.

அடுத்து வேகம். மணிக்கு 90 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110இல் காற்றின் எதிர்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. வேகத்தைக் குறைத்தாலே தூரம் கூடும். டயர் காற்றையும் பாருங்க.

கூடுதல் எண்ணெய் எடுத்துப் போவதா? தண்ணீர் போத்தல் ஆபத்து. பெட்ரோலுக்கென்றே செய்த கலன் மட்டுமே சரி.