மீசை முளைத்த கதை

காட்டேரிக்குப்பத்தில் வாசலில் கோலம் போடும் அம்மாவைக் கேளுங்கள். புள்ளி குறைந்தால் மயில் கோழியாகிவிடும்!

வீடியோ விளையாட்டுக்குப் படம் போடுகிறவர் பாடும் இதுதான். திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகளே. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள்.

1981-ம் ஆண்டு. ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் விளையாட்டு இயந்திரங்கள் அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்தன. புது விளையாட்டு வேண்டும்! படம் வரையும் ஊழியர் மியாமோட்டோவின் தலையில் அந்த வேலை விழுந்தது.

அவர் ஒரு தச்சனை வரைந்தார். ஆளின் உயரமே 16 புள்ளிதான்! வாய்க்கு இடமில்லை, மீசை வைத்தார். முடி வரைவது கஷ்டம்; தொப்பி மாட்டினார். அவன்தான் மாரியோ!

இன்று ஓவியர் கூட்டத்தை மேய்க்கவே தனியாகக் கலை இயக்குநர் இருக்கிறார். புள்ளிக்கும் பஞ்சமில்லை. மாரியோவுக்கு வாயும் வந்துவிட்டது. ஆனால் அந்த மீசையை எடுக்கச் சொல்ல எந்த இயக்குநருக்குத் துணிச்சல் வரும்?