கடலைத் தூர்த்து எழுப்பிய குழாய்த் தீவு

ஜூரோங் தீவு இயற்கை தந்த தீவல்ல. சிங்கப்பூரின் தென்மேற்குக் கரையோரம் ஏழு சிறு தீவுகள் சிதறிக் கிடந்தன. ஆயர் சாவான் தீவில் எஸ்ஸோவின் சுத்திகரிப்பு ஆலை, மெர்லிமாவ் தீவில் இன்னொன்று. 1984இல் ஆயர் மெர்பாவ் தீவில் நாட்டின் முதல் எத்திலீன் ஆலை ஓடத் தொடங்கியது. ஆளும் பொருளும் படகில்தான் போய்வர வேண்டும். 1995இல் இடையிலிருந்த கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். பொருளியல் வளர்ச்சிக் கழகத் தலைவராக இருந்த பிலிப் இயோ இதற்காக விடாமல் முட்டி மோதினார். 2000 அக்டோபரில் முறைப்படித் திறப்பு விழா. தூர்ப்பு வேலை முழுதாக முடிந்தது 2009இல். ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த நிலம் மூவாயிரத்தை எட்டிவிட்டது.

ஒரு எண்ணெய்க் கிணறுகூட இல்லாத நாடு எதற்காகக் கடலில் இவ்வளவு பணத்தைக் கொட்டியது? விடை எத்திலீனின் குணத்தில் இருக்கிறது.

சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் நாப்தாவை நீராவியோடு கலந்து, உலைக்குள் இருக்கும் குழாய்களில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். நொடிக்கும் குறைவான நேரம்தான். நீண்ட மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன், புரோப்பிலீன் என்று சிறு துண்டுகளாகும். அப்படியே விட்டால் அவை மேலும் சிதைந்து கரியாகிவிடும் என்பதால் உடனே குளிர்விப்பார்கள். பிறகு வாயுவை அழுத்தி, உறைகுளிரில் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். இந்த வேலையைச் செய்யும் ஆலைக்கு ஸ்டீம் கிராக்கர் என்று பெயர். பால் பாக்கெட்டிலிருந்து மருத்துவமனை ஊசிக்குழல் வரை பிளாஸ்டிக்கில் பெரும்பகுதிக்கு மூலம் இங்கேதான்.

சாதாரண அழுத்தத்தில் எத்திலீன் மைனஸ் 104 டிகிரியில்தான் திரவமாகும். கப்பலில் ஏற்றுவதென்றால் அந்தக் குளிரைப் பயணம் முழுக்கக் காக்க வேண்டும். குழாயில் பக்கத்து ஆலைக்கு அனுப்புவதோ சல்லிசு. ஆகவே எத்திலீன் வாங்குகிறவர் விற்கிறவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருப்பதே இருவருக்கும் லாபம். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே தீவில் கூடியிருப்பதற்கு அரசின் வரிச்சலுகையும் ஒரு காரணம்தான். ஆனால் என் கணக்கில் குழாய்தான் முதல் காரணம். நீராவி, நைட்ரஜன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாமே பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். தனியாக நிற்கும் ஆலை இவை ஒவ்வொன்றையும் சொந்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நிலம் அப்படியும் போதவில்லை. 2014இல் கடலடிப் பாறையைக் குடைந்து, தரைமட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் ஆழத்தில், ஐந்து சேமிப்புக் குகைகளைத் திறந்தார்கள். கொள்ளளவு 14.7 லட்சம் கன மீட்டர். மேலே சுமார் 60 ஹெக்டேர் மிச்சமானது.

கிராக்கர் இரவு பகலாக ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. உலைக்குழாயில் படியும் கரியைச் சுட்டு நீக்க, உலைகளை முறைவைத்து ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள், ஆலை நிற்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முழு ஆலையும் நிற்கும். வேலைக்காரர்கள் பேச்சில் அது ‘ஷட்டவுன்’. வெல்டர், பைப் ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர் என்று தமிழ்நாட்டிலிருந்து போன பலருக்கு ஓவர்டைம் குவியும் காலம் அதுதான். திடீரென இயந்திரம் நின்றால் உள்ளிருக்கும் வாயுவைத் தேக்கிவைக்க முடியாது; ஃபிளேர் கோபுரத்தில் எரித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு விபத்துபோலத் தெரியும் அந்தத் தீ, உண்மையில் விபத்தைத் தவிர்க்கும் வழி.

இப்போது நெருக்கடி வேறு பக்கமிருந்து வருகிறது. சீனா புதிய கிராக்கர்களைக் கட்டிக் குவித்ததில் லாபம் சுருங்கிவிட்டது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கிய சிங்கப்பூரின் கார்பன் வரி 2024இல் 25 ஆனது, 2026க்கு 45. ஷெல் தன் புக்கோம் தீவு, ஜூரோங் தீவு ஆலைகளை இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் கிளென்கோரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 2025இல் கைமாற்றிவிட்டது. பெரிய கிராக்கர் ஒன்றை நிரந்தரமாக மூடினால் நஷ்டம் அதன் முதலாளியோடு நிற்காது. அதன் எத்திலீனை நம்பிக் குழாய் போட்டவர்கள் வேறு விற்பனையாளரைத் தேட வேண்டும், இல்லையென்றால் குளிரூட்டிய கப்பலில் வரவழைக்க வேண்டும்.