படியெடுத்த வன்தட்டு ஏன் துயிலெழ மறுக்கிறது?

ஏட்டுச் சுவடிகளுக்குப் படி எழுதி முடித்தபின் பழைய ஏட்டினை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. படி எழுதப்பெறாத சுவடிகளும் அவ்வாறே வெள்ளத்தோடு போயின என்பதை டாக்டர் உ.வே. சாமிநாதையர் நெஞ்சு நொந்து எழுதியுள்ளார். தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்த இச்செய்தி, பட்டுத் தறிகள் ஒலிக்கும் காஞ்சி மாநகரில் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தபோது என் நினைவுக்கு வந்தது.

காஞ்சிப் பட்டுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். உண்மையில் தறியே கணிப்பொறிக்கு மூத்தது. 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த பொறியில், துளையிட்ட அட்டைகள் கயிற்றால் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே அதன் மொழி. சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு இவ்வட்டைகளையே கருதினார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கட்கணக்கைத் துளையட்டை கொண்டு எண்ணினார் ஹெர்மன் ஹோலரித். கணிப்பொறிக்குரிய நெறிமுறையைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததென்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

அன்று கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்திற்கு ஒரு நூல் என்று கணக்கிட்டுக் கையால் வரைந்த கரையும் முந்தியும் புட்டாவும் இன்று கணிப்பொறித் திரையில் வரையப்படுகின்றன. அங்கிருந்தே அட்டைகள் அடிக்கப்படுகின்றன. ஆகவே வடிவமைப்பாளர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு முழுவதும் உள்ளங்கையளவு வன்தட்டு ஒன்றில் அடங்கிக் கிடக்கிறது.

அத்தகைய பணி செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவர், பழைய வன்தட்டில் ஓசை எழத் தொடங்கியதும் அஞ்சி, புதிய திண்மநிலை வட்டு ஒன்றை வாங்கிப் படியெடுத்தார். இரண்டு வட்டுகளும் பொருத்தப்பட்டிருந்தபோது கணிப்பொறி நன்றாகவே இயங்கியது. பழையதைக் கழற்றியதும் கருந்திரையில் 'இயக்குதளம் காணப்படவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது.

"ஐயா, படி சரியாக விழவில்லை போலும். பழையதை மாட்டி மறுபடியும் படியெடுத்துவிடட்டுமா?" என்றார்.

"பொறுங்கள் தம்பி, இப்போதைக்குப் பழையதைத் தொடாதீர்கள்" என்றேன்.

படி சரியாகவே விழுந்திருந்தது. ஒரு வடிவமும் குறையவில்லை. இல்லாமற் போனது வாயில்தான்.

அரபுக் கையெழுத்துச் சுவடிகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியே எழுதப்பட்டிருக்கும்; ஏடுகள் கலைந்தாலும் அச்சொல்லைக் கொண்டு வரிசைப்படுத்திவிடலாம். கணிப்பொறி விழித்தெழுவதும் இவ்வாறே. ஒவ்வொரு படிநிலைக்கும் தனக்கு அடுத்ததன் முகவரி மட்டுமே தெரியும். மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் நிலைமென்பொருள் எழுகிறது. அது வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளைப் படிக்கிறது. அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்கக் கட்டளைகள். 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகளைச் சொல்லும் அட்டவணை. எஞ்சிய இரண்டும் முத்திரை. அட்டவணையில் 'செயற்படு பிரிவு' என்று குறிக்கப்பட்டது எதுவோ அங்கே கட்டளை தாவுகிறது. அப்பிரிவில் உள்ள தொடக்க மேலாளர், விண்டோஸ் எந்த வட்டில் எந்த இடத்தில் உள்ளது என்னும் குறிப்பேட்டைப் பார்த்து அதனை எழுப்புகிறது. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் பின்னுள்ள யாவும் உறங்கும்.

மாணவர் செய்த பிழை, கண்ணுக்குத் தெரிந்த 'சி' பிரிவை மட்டும் படியெடுத்ததே. விண்டோஸ் தன்னை நிறுவும்போது, எழுத்துப்பெயர் இல்லாத சிறு பிரிவு ஒன்றைத் தனியே ஒதுக்கி, தொடக்க மேலாளரை அதில் வைப்பது வழக்கம். அது பழைய வட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டும் இருந்தபோது கணிப்பொறி எழுந்தது பழையதன் துணையால். திரையில் தோன்றியதும் பழைய விண்டோஸே! புதியது இயங்குவதாக எண்ணி அவர் பழையதை அழித்திருப்பாரானால்? ஆற்றில் விட்ட ஏட்டின் கதைதான். ஆதலின் படியெடுத்தபின் செய்யவேண்டிய முதற்சோதனை, பழைய வட்டின் இணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கொண்டு இயக்கிப் பார்த்தலேயாகும்.

இணைப்பை நீக்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. முழுப்படி எடுக்கையில் அதுவும் படியாகிறது. ஒரே எண்ணுள்ள இரண்டைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். அதனை நாம் வலிந்து செயற்படுத்தினால் எண்ணை மாற்றி எழுதிவிடும். குறிப்பேடோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

இந்நிலையில் மீண்டும் படியெடுப்பது நன்றன்று. நலிந்த வட்டினை இரண்டாம் முறை முழுவதும் படிக்கச் செய்வது அதன் இறுதி மூச்சைப் பறிக்கக்கூடும். அதைவிடக் கொடிது, பதற்றத்தில் மூலம் எது, படி எது என்பதை மாற்றிக் குறித்துவிடுவது. வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டால் மீட்பு அரிது.

நாங்கள் செய்தது எளிது. விண்டோஸ் நிறுவுதற்குரிய யு.எஸ்.பி. கருவி கொண்டு கணிப்பொறியை எழுப்பி, கட்டளைத் திரைக்குச் சென்றோம். டிஸ்க்பார்ட் கட்டளையால் புதிய வட்டின் பிரிவைச் 'செயற்படு பிரிவு' ஆக்கினோம். பூட்ரெக் கட்டளையால் முதற்கூற்றின் தொடக்கக் கட்டளைகளையும், பிசிடிபூட் கட்டளையால் தொடக்க மேலாளரையும் குறிப்பேட்டையும் புதிதாக எழுதுவித்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை: அத்திரையில் 'சி' என்பது 'டி' எனப் பெயர் மாறித் தோன்றலாம், உள்ளே விண்டோஸ் கோப்புறை இருப்பதைக் கண்ணால் கண்டபின்னரே கட்டளையிட வேண்டும்.

எல்லார்க்கும் இதுவே காரணம் என்று சொல்லமுடியாது. அண்மைக்காலக் கணிப்பொறிகளில் பயாஸுக்கு மாற்றாக யு.இ.எஃப்.ஐ. வந்துள்ளது. அது முதற்கூற்றின் கட்டளைகளைத் தேடுவதில்லை, ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்ட வட்டில், தனக்கென உள்ள சிறு பிரிவையே தேடும். பழைய முறை வட்டின் படியைப் புதிய முறை மட்டுமே அறிந்த கணிப்பொறியில் மாட்டினால் அது எழாது. 240 கொக்கிகளுக்கு அடித்த அட்டையை 400 கொக்கி ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றியது போலத்தான். அட்டையிலும் பிழையில்லை, பெட்டியிலும் பிழையில்லை. நிலைமென்பொருளின் அமைப்பில் பழைய முறைக்கு இடமிருந்தால் அதனைத் தெரிவு செய்யலாம். இல்லையேல், விண்டோஸ் 10 உடைய வட்டினை எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவியால் உள்ளடக்கம் அழியாமல் மாற்றலாம்.

விண்டோஸ் சின்னம் தோன்றியபின் நீலத்திரை வந்து நின்றால் வாயில் திறந்துவிட்டது, வட்டினை அணுகும் இயக்கி நிரல்தான் பொருந்தவில்லை என்று கொள்க. பிட்லாக்கர் பூட்டுடைய வட்டாயின் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும். இவை எதுவும் இல்லாமல், வட்டின் பெயரே நிலைமென்பொருளின் பட்டியலில் இல்லையென்றால், கம்பியைச் சரியாகச் செருகினோமா என்று பாருங்கள். கற்றோரும் இதனைக் கடைசியிலேயே பார்க்கின்றனர், நானும் விலக்கன்று.

புதிய வட்டு எழுந்த அன்று மாலை, மாணவர் ஒரு முந்தி வடிவத்தைத் திறந்து, முன்பு அடித்த அட்டைகளோடு வரிவரியாக ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. பழைய வட்டினைத் துணியில் சுற்றி, படியெடுத்த நாளை எழுதி, அட்டைக் கட்டுகள் அடுக்கிய பரணில் வைத்தார்.