குடும்பம் இல்லாதவரின் குடும்பக் கல்லறை

நவம்பர் 2ஆம் நாள் நெருங்கிவிட்டால் நம் தஞ்சைத் தரணியின் கல்லறைத் தோட்டங்கள் புதுமுகம் கொள்கின்றன. புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை சார்த்தி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிப்பதற்காக நாம் குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்கிறோம். அவரவர் முன்னோர் அருகே அவரவர் நிற்க, உற்றார் வராத கல்லறைகள் மட்டும் இருளில் கிடக்கின்றன. குடும்பக் கல்லறை என்பதுதான் யாது? இரத்த உறவு ஒன்றே அதற்கு உரிமை தருவதா?

ஸ்காட்லாந்து நாட்டுச் சிற்றூர்களின் பழைய ஆலய வளாகங்களில், நிலக்கிழார் குடும்பங்கள் தமக்கெனக் கட்டிய கல்லறை மண்டபங்களை இன்றும் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே தோன்றிய சீர்திருத்தச் சபை ஆலயத்தினுள் அடக்கம் செய்வதைத் தடுத்தது. ஆகவே செல்வர்கள் ஆலயத்தை ஒட்டியே தனி மண்டபம் எழுப்பிக் குலச்சின்னத்தைப் பொறித்தனர். குலம், செல்வம், நிலம் ஆகியவையே அம்மண்டபங்களின் அடித்தளம்.

தஞ்சையிலோ இதற்கு நேர்மாறான கல்லறை ஒன்று உண்டு.

நெற்களஞ்சியம் பசித்த நாள்

லுத்தரன் சபையைச் சார்ந்த சுவார்ட்சு ஐயர் 1726இல் ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். மணம் புரியவில்லை; தாயகம் திரும்பவும் இல்லை.

ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டை பசியால் வாடியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் இல்லை. கூலி கிடைக்காமல் ஏமாந்திருந்த மாட்டுக்காரர்கள் அரசின் வாக்கை நம்ப மறுத்தனர். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்சு சொன்னதும், சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. பின்னர் அதிகாரிகளின் கொடுமை தாளாது குடியானவர்கள் வயலை விட்டு ஓடியபோதும், அவருடைய வாக்குறுதியை நம்பி ஏறத்தாழ 7,000 பேர் ஏரைப் பிடிக்கத் திரும்பினர். அவரிடம் படையும் இல்லை, பட்டயமும் இல்லை. சொல் தவறாமை ஒன்றே இருந்தது.

மன்னர் எழுதிய கல்வெட்டு

1787இல் மரணப் படுக்கையிலிருந்த துளஜா மன்னர், தாம் சுவீகாரம் செய்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்புவித்தார். அச்சிறுவனின் நலனுக்கு இடர் நேர்ந்தபோது, 1793இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தவரும் அவரே.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு உயிர் நீத்தார். இருபது வயதான சரபோஜி கண்ணீருடன் வந்து, உடல்மீது பொன்னாடை போர்த்தி, கல்லறைவரை உடன் நடந்தார். அவ்வாண்டே அரியணை ஏறினார். ஆங்கிலத்தில் தாமே செய்யுள் இயற்றி, தூய பேதுரு ஆலயத்தில் உள்ள கல்லறைக்கல்லில் பொறிக்கச் செய்தார். அதில் அவரைத் தந்தை என்றழைத்து, அவருக்குத் தகுதியான மகனாகத் தாம் விளங்க வேண்டுகிறார். சிவகங்கைப் பூங்காவருகே 1779இல் சுவார்ட்சு எழுப்பிய ஆலயத்தில் மன்னர் நிறுவிய சலவைக்கல் சிற்பமும் உண்டு. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அதில், இறுதிப் படுக்கையிலிருக்கும் முதியவரின் கரத்தை மன்னர் பற்றி நிற்கிறார்.

சரபோஜி இறுதிவரை இந்து சமயத்தவராகவே வாழ்ந்தவர். குலம் வேறு, நாடு வேறு, சமயம் வேறு. ஆயினும் மகன் தந்தைக்குச் செய்யும் கடனை அவர் செய்தார். நன்றியுணர்வே அங்கு உறவாயிற்று.

நமக்கு ஒரு கேள்வி

சுவார்ட்சு நம் சபையினர் அல்லர். பிரிந்த சகோதரரிடமும் தூய ஆவியார் விளைவித்த நற்கனிகளைப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. அவர் கல்லறை நம் மனச்சான்றைத் தட்டுகிறது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் சுவர் எழுந்ததை நாம் அறிவோம். ஒரே நற்கருணைப் பந்தியில் பங்குபெற்றவர்கள் ஒரே மண்ணில் உறங்கலாகாதா? வேற்றுச் சமயத்து மன்னர் தந்தையென ஏற்ற உறவை, ஒரே ஞானஸ்நானம் பெற்ற நாம் மறுக்கலாமா?

இவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று நம் முன்னோர்க்கு ஏற்றிய திரியிலிருந்தே, உற்றார் அற்ற ஒரு கல்லறையிலும் ஒரு திரி ஏற்றுவோம். நம் பிள்ளைகளின் கையால் ஏற்றச் செய்வோம். அங்கே உறங்குபவர் யார் என்று அவர்கள் கேட்டால், நம் குடும்பத்தார் என்றே சொல்வோம்.