சாயத்தூளும் சிறுநீர்ப்பைச் செல்லும்

செல் இரண்டாகும் விதம்

உடலின் செல் முதலில் வளர்கிறது, பிறகே பிரிகிறது. புரதங்களைச் சேர்த்துப் பருமனாகி, 46 குரோமோசோம்களிலும் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. பிறகு குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, இருபுறமும் சமமாக இழுக்கப்பட, ஒரு செல் இரண்டாகிறது. ஆய்வகத்தில் வேகமாக வளரும் மனிதச் செல்லுக்கு இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். கடைசிப் பிரிதலுக்கு அதில் ஒரு மணி நேரம் போதும்; மற்றதெல்லாம் ஆயத்தம்.

குடலின் உட்புறச் செல்கள் சில நாட்களிலேயே புதிதாகிவிடும். சிறுநீர்ப்பையின் உட்சுவர் அப்படியல்ல, அங்கே செல்கள் மிக மெதுவாகவே மாறும். ஓவர்லாக் ஊசி விரலில் ஏறினால் சுற்றியுள்ள செல்கள் விரைந்து பிரிந்து காயத்தை மூடுகின்றன, மூடியதும் நின்றுவிடுகின்றன.

நிற்க மறுக்கும்போது

அப்படி நிறுத்துவதற்கென்றே செல்லுக்குள் புரதங்கள் உண்டு. பி53 என்ற புரதம் டி.என்.ஏ. பழுதானால் பிரிதலை நிறுத்திவைக்கும். பழுது தீராவிட்டால் செல்லையே அழியச் செய்யும். செல் சுழற்சியை இயக்கும் புரதங்களைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிரிதலை முடுக்கும் மரபணுவும் தடுக்கும் மரபணுவும் ஒவ்வொன்றாகக் கெட்ட செல்தான் புற்றுநோயாகிறது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

சாயத்தின் பங்கு

1895-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். சில அசோ சாயங்கள் உடலுக்குள் உடைந்து பென்சிடின் போன்ற அமீன்களை வெளிவிடும். கல்லீரல் அவற்றை மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பும். சிறுநீர்ப்பையில் தேங்கும் நேரத்தில் அவை உட்சுவர்ச் செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். பழுதோடு படியெடுத்தால் பிழை நிலைத்துவிடும். பீடி, சிகரெட் புகையிலும் இதே வகை அமீன்கள் இருப்பதால் புகைப்பவருக்கு ஆபத்து கூடுகிறது.

இந்தியா 1993-இல் பென்சிடின் சாயங்களையும், 1997-இல் வேறு பல அசோ சாயங்களையும் தடை செய்தது. ஏற்றுமதி பனியன் துணிக்கு வெளிநாட்டு வாங்குநர்களும் சோதனைச் சான்று கேட்கிறார்கள். ஆனால் பாதிப்பு வெளிப்பட 20 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தடைக்கு முன் சாயப்பட்டறையில் எந்தச் சாயம் என்று தெரியாமலே தூளை அள்ளியவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள் இவர்களே.

நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த உத்தரவு காக்க வந்தது ஆற்றை. தூளை எடை போடுபவரின் மூச்சையும் தோலையும் காப்பவை முகமூடி, கையுறை, காற்றோட்டம் ஆகியவைதான். இன்று பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தூளும் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் இந்தப் பாதுகாப்பைத் தருவது முதலாளியின் கடமை.

கவனிக்க வேண்டிய அறிகுறி

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வருவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதல் அறிகுறி. ஒருநாள் வந்து நின்றுவிடக்கூடும். உடல் சூடு என்று இளநீர் குடித்து, இரத்தம் நின்றதும் மறந்துவிடுபவர்கள் உண்டு; நாள் தள்ளிப்போவது இப்படித்தான். ஒருமுறை வந்தாலும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டி, பழைய சாய வேலையையும் சொல்ல வேண்டும். சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் மெல்லிய குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பது எனச் சோதனைகள் தொடரும்.

உட்சுவரோடு நிற்கும் கட்டியைச் சிறுநீர்ப்பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். திரும்ப வராதிருக்கச் சிலருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். அது எதிர்ப்பாற்றலைத் தூண்டி, மிஞ்சிய செல்களை அழிக்கும். மீண்டும் முளைக்கும் தன்மை கொண்ட நோய் என்பதால் பரிசோதனை பல ஆண்டுகள் தொடரும்.