'செட்' என்னும் சிறுசொல்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுவர். ஆயின், நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஓரிரு பொருளே உண்டு. அகராதியை ஒருமுறை புரட்டின் ஐயம் அகலும். உண்மையில் அஞ்சத்தக்கவை குறுஞ்சொற்களே. இடந்தோறும் புதுப்பொருள் பூணும் அவற்றுள் 'செட்' என்னும் ஒன்றனை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

இதன் பரப்பை ஆக்ஸ்போர்டுப் பேரகராதி நன்கு காட்டும். 1989-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்றது இச்சொல்லே. வினையாக மட்டும் இதற்கு 430-க்கு மேற்பட்ட பொருள்கள் அங்கு வகுத்துரைக்கப்பட்டுள்ளன. பின்னர், மூன்றாம் பதிப்பிற்கென ஆராய்ந்தபொழுது, 'ரன்' என்னும் வினை 645 பொருள்களுடன் இதனை விஞ்சியது. விஞ்சியதும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல்லே என்பது நோக்கத்தக்கது.

இத்துணைப் பொருள்கள் எவ்வாறு பிறந்தன? 'செட்' என்னும் வினை, உட்காருதலைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினை. 'உட்காரச் செய்' என்பதே அதன் முதற்பொருள். மோதிரத்தில் மணியை உட்காரச் செய்தல் பதித்தலாயிற்று. முறிந்த எலும்பை அதனிடத்தில் உட்காரச் செய்தல் பொருத்துதலாயிற்று. நெகிழ்ந்த பொருள் நிலைபெறுதல் உறைதலும் இறுகுதலும் ஆயிற்று. தொகுதியைக் குறிக்கும் 'செட்' என்னும் பெயரோ, பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த இலத்தீன் சொல்லொன்றினின்று பிரெஞ்சு வழியாக வந்தது. இருவேறு ஊற்றிற் பிறந்த ஓடைகள் ஒரே வாய்க்காலிற் கலந்தன என்க.

விருத்தாசலத்தைச் சூழ்ந்த ஊரார்க்குப் பீங்கான் தொழில் புதியதன்று. கம்மாபுரத்து மாணவன் ஒருவன் அங்குள்ள தொழிற்கூடம் ஒன்றிற்குப் பயிற்சி பெறச் செல்கின்றான் என்று கொள்வோம். அச்சு செய்தற்கு வார்த்த பாரிஸ் சாந்து 'செட்' ஆகும்வரை பொறுத்திரு என்று அவன் கையிலுள்ள ஆங்கில நூல் கூறுகின்றது. சூளையினுள் கலங்களைச் 'செட்' செய் என்கின்றது. வெந்தெடுத்த கிண்ணங்களும் தட்டுகளும் ஒரு 'செட்' என்கின்றது. ஒரே கூரையின்கீழ் மூன்று பொருள்கள்: இறுகுதல், அடுக்குதல், தொகுதி. 'செட் என்றால் வை' என்று மனப்பாடம் செய்தவன், சாந்தை வார்த்து வைத்தவுடனே வேலை முடிந்ததெனக் கருதி அச்சைப் பெயர்ப்பானாயின், அது கையிலேயே சிதையும். சாந்து நீரை ஏற்று, அதன் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி, சிறிது வெப்பமும் வெளிப்பட்டு இறுகுதற்குக் காலம் வேண்டும். அந்நிகழ்ச்சி முழுவதும் அச்சிறுசொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது. பொருளறியாமையால் இழப்பது தேர்வு மதிப்பெண் மட்டுமன்று.

இவ்விடர்க்கு மருந்து நம் முன்னோரிடமே உளது. தொல்காப்பியர், சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல்லைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று வழிகளைக் காட்டினார். 'மா தளிர்த்தது' எனின் மரம். 'மா கனைத்தது' எனின் குதிரை. இங்கே வினை பொருளைக் காட்டிற்று. அவ்வாறே, 'செட்டை வென்றாள்' எனின் டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி. 'செட்டைப் பிரித்தனர்' எனின் திரைப்படத்திற்கு எழுப்பிய அரங்கம். கிண்ணம், தட்டு என்னும் இனத்தோடு வரின் கலத்தொகுதி. கணித நூலில் உறுப்பு, வெட்டு, சேர்ப்பு என்பவற்றோடு வரின் கணம். இனிச் சார்பாவது, சொல்வோனும் இடமும் நோக்கி அறிதல். மருத்துவர் சொல்லின் எலும்பு பொருந்துதல். தோட்டக்காரர் சொல்லின் காய் பிடித்தல். பால் காய்ச்சி உறையூற்றுவோர் சொல்லின் தயிர் உறைதல்.

ஆதலின், மொழிபெயர்க்கப் புகும் மாணவர் 'இச்சொல்லின் பொருள் யாது?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'யார், எங்கே, எதனோடு சேர்த்துச் சொன்னார்?' என்றும் வினவுதல் வேண்டும். பதித்தல், இறுகுதல், உறைதல், பிடித்தல், அடுக்குதல் என ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல் வைத்துள்ள தமிழில், எல்லாவற்றிற்கும் ஒன்றனையே எழுதுவது நம் மொழிக்கு நாமே செய்யும் குறையாகும்.

பழைய மாணவர் இருவர் சந்திக்கும்போது, 'நாங்கள் ஒரே செட்' என்று மகிழ்ந்துரைப்பதைக் கேட்டிருக்கின்றோம். ஓராண்டில் ஒருங்கு பயின்றோர் என்பது அதன் பொருள். மக்களைப் போலவே சொற்களையும் அவற்றின் கூட்டாளிகளைக் கொண்டே அறிதல் வேண்டும்.